திருத்தாத வரைபடம்

மைத்ரேயியின் அம்மா ஜகதாம்பாள் கார்த்திகையில் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாள். அறுவை சிகிச்சை முடிந்து மதுரை விளாங்குடி வீட்டுக்கு அழைத்து வந்தபோது, எலும்பு கூடும்வரை நடக்கக் கூடாது, அதற்காக மல்லாந்தே கிடக்கவும் கூடாது, நெஞ்சில் சளி கட்டிவிடும், ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது முதுகைத் தூக்கிச் சாய்ந்தாற்போல் உட்கார வைக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பினார்கள். வீட்டில் தாயும் மகளும் மட்டும்தான். தொலைபேசி நிலையத்தில் முப்பத்து மூன்று வருடம் உட்கார்ந்தே வேலை பார்த்த ஜகதாம்பாளுக்குக் கனத்த சரீரம். மைத்ரேயி ஐம்பது கிலோவைத் தாண்டாதவள். நான்காம் நாள் அம்மாவைத் தூக்கியவள் அப்படியே கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். முதுகு பிடித்துக்கொண்டது.

அவள் கோயம்புத்தூர் நிறுவனம் ஒன்றுக்காக வீட்டிலிருந்தபடியே தண்ணீர் மீட்டர்களுக்குள் ஓடும் நிரல்களை எழுதுபவள். முப்பத்தெட்டு வயது வரைக்கும் அவள் செய்த எதிலும் அவள் பெயர் இருந்ததில்லை. ஆஸ்பத்திரிக் கட்டில் வாடகைக்குக் கிடைக்கும் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். மைத்ரேயி தானே செய்து பார்ப்பது என்று முடிவு செய்தாள்.

பழைய கார் உதிரிக் கடையிலிருந்து ஒரு வைப்பர் மோட்டார் வாங்கினாள். மோட்டாரோடு சேர்ந்து சுழலும் நீளமான திருகுத் தண்டு ஒன்று, அந்தத் தண்டின்மேல் நகரும் ஒரு நட்டு. நட்டு நகர நகர, அதில் மாட்டிய இரும்புக் கை கட்டிலின் தலைப்பக்கத்தை மேலே தள்ளும். அவ்வளவுதான் இயந்திரம். இருந்த இரும்புக் கட்டிலை வெட்டிக் கீல் வைக்கும் வேலையை மட்டும் ஒரு வெல்டிங் பட்டறையில் கொடுத்தாள். நட்டைத் தன்னிடமிருந்த த்ரீடி பிரிண்டரில் பிளாஸ்டிக்கில் அவளே செய்தாள். பொங்கல் கழிந்து இரண்டாம் நாள் ஜகதாம்பாள் ஒரு பொத்தானை அழுத்தினாள். தலைப்பக்கம் முனகிக்கொண்டே எழும்பி, அவளை உட்கார வைத்தது.

அந்த வீடியோவைத்தான் எல்லாரும் பார்த்தார்கள். வெள்ளை முடியும் வைரத் தோடுமாக ஒரு அம்மாள் மெல்ல மெல்ல நிமிர்ந்து, கேமராவைப் பார்த்து, “ஆச்சா?” என்று கேட்கும் இருபது விநாடி. மைத்ரேயி அந்தக் கட்டிலுக்கு ‘நிமிர்வு’ என்று பெயர் வைத்தாள். வரைபடம், நிரல், வாங்க வேண்டிய சாமான்களின் பட்டியல், எல்லாவற்றையும் இணையத்தில் ஒரு பக்கத்தில் போட்டாள். யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துச் செய்துகொள்ளலாம், மாற்றிக்கொள்ளலாம். ஓப்பன் சோர்ஸ் என்று சொல்வார்களே, அது. நட்டைப் பற்றி எழுதும்போது, ‘உலோகத்தில் நட்டுக் கடைந்து வாங்கக் கடைசல் பட்டறைக்கு அலைய வேண்டாம், பிரிண்ட் செய்த பிளாஸ்டிக் நட்டே போதும், எங்கள் வீட்டில் தினமும் பத்துத் தடவை ஏறி இறங்குகிறது’ என்று சேர்த்தாள். எழுதியபோது அது உண்மைதான்.

பங்குனியில் ஒரு நாள் காலை. ஜகதாம்பாள் சாய்ந்து உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தாள். அடுப்படியிலிருந்த மைத்ரேயிக்கு, தேங்காயைத் தரையில் போட்டது போல ஒரு சத்தம் கேட்டது. ஓடி வந்தாள். தலைப்பக்கம் முழுவதும் கீழே விழுந்து கிடந்தது. அம்மா மல்லாந்து கிடந்தாள், மார்பெல்லாம் காபி. அடி ஒன்றும் இல்லை. பயந்து போயிருந்தாள்.

“விழுந்துடுத்தேடி,” என்றாள், ஏதோ தான் செய்த தப்புபோல.

மைத்ரேயி கட்டிலுக்கு அடியில் படுத்துக்கொண்டு பார்த்தாள். நட்டின் உட்பக்கம் மழமழவென்று தேய்ந்து போயிருந்தது. தண்டு முழுக்க வெள்ளைத் தூள். இரண்டரை மாதத்தில் பிளாஸ்டிக்கின் திருகு மரைகள் ஒவ்வொன்றாகக் கரைந்து, கடைசி மரை அன்று காலை விட்டிருக்கிறது. அவள் எழுந்திருக்கவில்லை. காபி கொடுப்பதற்கு ஒரு நிமிஷம் முன்னால், தலையணை உறையை இழுத்துவிட அவள் தன் கையை எந்த இடத்தில் விட்டிருந்தாளோ, அந்த இடத்தில் இரண்டு இரும்புச் சட்டங்களும் இப்போது ஒன்றின்மேல் ஒன்று ஒட்டிக் கிடந்தன. அதை அவள் பார்த்தாள். நன்றாகப் பார்த்தாள். பின்னால் எத்தனையோ தடவை அவள் தனக்குத்தானே வேறு மாதிரி சொல்லிப் பார்த்தும், இந்த ஒன்றை மட்டும் மாற்ற முடியவில்லை.

அன்று மத்தியானமே திண்டுக்கல் சாலையில் ஒரு கடைசல் பட்டறையில் இரண்டு பித்தளை நட்டுகள் செய்து வாங்கினாள். ஒன்று பாரத்தைத் தாங்க. இன்னொன்று அதற்குக் கீழே ஒரு விரல் இடைவெளி விட்டு. முதல் நட்டு எப்போதாவது தேய்ந்துவிட்டால், பாரம் அப்படியே விழாமல் இரண்டாவதன்மேல் உட்கார்ந்துகொள்ளும். சாயங்காலத்துக்குள் கட்டில் பழையபடி ஏறி இறங்கியது.

“இதையும் அதுல எழுதிட்டியோ?” என்று ஜகதாம்பாள் கேட்டாள்.

எழுதுகிறேன் என்றாள் மைத்ரேயி. எழுதவும் உட்கார்ந்தாள். பக்கத்தின் உச்சியில், ‘எச்சரிக்கை’ என்று அடித்தாள். அதற்குக் கீழே என்ன எழுதினாலும், தன் அம்மாவைத் தானே கீழே போட்டதாகத்தான் வந்தது. அந்த வாரம் சென்னையில் புதுக் கண்டுபிடிப்புகளுக்காக ஒரு கண்காட்சி நடத்துபவர்கள், அதற்குத் தேர்வு செய்ய அவளுடைய பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் தேர்வு முடியட்டும் என்று நினைத்தாள். எச்சரிக்கை என்ற சொல்லை அழித்தாள். தேர்வு முடிந்தது, அவளுடைய கட்டில் தேர்வானது. மேடையில் சால்வை போட்டார்கள். எத்தனை நாளாக ஓடுகிறது என்று ஒருவர் கேட்டதற்கு, பொங்கலிலிருந்து என்றாள். அரங்கில் கைதட்டினார்கள். அதற்குப் பிறகு எழுதுவது இன்னும் கடினமாகிவிட்டது. அடுத்த ஞாயிறு, அதற்கடுத்த ஞாயிறு என்று போயிற்று. நடுவில் ஒரு நாள் அம்மா மறுபடியும் கேட்டபோது, “எழுதிட்டேம்மா,” என்றாள்.

ஆடி மாதம் பாதியில் அவளுக்கு ஒரு செய்தி வந்தது. அனுப்பியவன் பெயர் சோலை. கொட்டாம்பட்டிக்குக் கிழக்கே ஒரு ஊரில் பம்புசெட் மோட்டார்களுக்குச் செப்புக் கம்பியில் காயில் சுற்றிக் கட்டும் பட்டறை வைத்திருப்பவன். பக்கவாதத்தில் படுத்துவிட்ட தன் அப்பா மொக்கையனுக்காக, அவளுடைய பக்கத்தைப் பார்த்து வைகாசிக் கடைசியில் ஒரு நிமிர்வு செய்திருந்தான். ஏழு வாரம் நன்றாக ஓடியது என்று எழுதியிருந்தான். போன செவ்வாய்க்கிழமை, அப்பாவை உட்கார வைத்துக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்த அவன் மனைவி அன்னக்கொடி, சட்டத்தில் மாட்டிக்கொண்ட போர்வையை எடுக்கக் கையை விட்டிருக்கிறாள். தலைப்பக்கம் விழுந்துவிட்டது. வலது கையில் இரண்டு விரல் நசுங்கி, நடுவிரலில் மேல் கணுவைப் பெரியாஸ்பத்திரியில் எடுக்க வேண்டியதாகிவிட்டது.

திட்டி எழுதியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று மைத்ரேயி பிற்பாடு நினைத்தாள். அவன் திட்டவில்லை. தேய்ந்த நட்டைப் பல பக்கமிருந்தும் படம் எடுத்து அனுப்பி, ‘நான் எதில் தப்புப் பண்ணினேன் என்று பார்த்துச் சொல்ல முடியுமா மேடம்’ என்று கேட்டிருந்தான்.

படத்தில் அதே வெள்ளைத் தூள். அவள் வெகுநேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, நட்டை எங்கே பிரிண்ட் செய்தீர்கள், என்ன வகைப் பிளாஸ்டிக், நட்டின் உள்ளே எத்தனை சதவீதம் பிளாஸ்டிக் நிரப்பியது என்று கேட்டு எழுதினாள். ஒரு பொறியாளர் கேட்க வேண்டிய கேள்விகள்தான். அவளுக்கு அவற்றின் பதில் தேவைப்படவில்லை. உடனே பதில் வந்தது. மதுரையில் ஒரு கடையில் கொடுத்துச் செய்ததாகவும், சதவீதமெல்லாம் தனக்குத் தெரியாது, கடைக்காரர் என்ன போட்டாரோ என்றும் எழுதியிருந்தான். அப்புறம் இன்னொரு வரி. ‘அப்ப அதைக் கேக்காம விட்டதுதான் என் தப்பு போல மேடம்.’

‘அப்படித்தான் இருக்கும்’ என்று மைத்ரேயி அடித்தாள். அனுப்பினாள். கை குணமாகட்டும் என்று பிரார்த்திப்பதாக இன்னொரு வரியும் அனுப்பினாள்.

அன்று அவள் சாப்பிடவில்லை. வயிறு சரியில்லை என்று அம்மாவிடம் சொன்னாள். மறுநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, பக்கத்தைத் திருத்தினாள். பிளாஸ்டிக் நட்டு இருந்த வரைபடத்தை எடுத்துவிட்டு, பித்தளை நட்டும் அதற்குக் கீழே இரண்டாவது நட்டும் உள்ள வரைபடத்தைப் போட்டாள். ‘பிளாஸ்டிக் நட்டே போதும்’ என்ற வரியை நீக்கினாள். எதற்காக மாற்றினேன் என்று ஒரு சொல்லும் எழுதவில்லை. மாலைக்குள், பக்கம் எப்போதுமே அப்படி இருந்தது போல ஆகிவிட்டது. சரி செய்தாகிவிட்டது, இனி யாருக்கும் ஆபத்தில்லை என்று நினைத்துப் பார்த்தாள். ஏற்கெனவே செய்து வைத்திருப்பவர்கள் பழைய நட்டின்மேல்தான் தினமும் ஏறி இறங்குகிறார்கள் என்பது அவளுக்குத் தெரியாததல்ல.

எட்டு நாள் கழித்து சோலையே போன் செய்தான். அம்மாவுக்கு மருந்து கொடுத்துக்கொண்டிருந்ததால் மைத்ரேயி ஸ்பீக்கரில் போட்டாள்.

“மேடம், வரைபடத்தை மாத்தியிருக்கீங்க, பாத்தேன். பித்தளை நட்டு, அடியில ரெண்டாவதா ஒண்ணு. எங்க வீட்டுல நடந்ததப் பாத்துத்தேன் போட்டீங்கன்னு நெனைக்கிறேன்.” அவன் குரலில் ஒரு சந்தோஷம் இருந்தது. “அன்னக்கொடிகிட்டச் சொன்னேன். நம்ம வீட்டுல நடந்தது இன்னொரு வீட்டுல நடக்காது, நமக்குப் பட்ட அடியாலதான் அந்தம்மா மாத்தியிருக்காங்கன்னு. அவ இப்ப எங்கூடச் சரியாப் பேசுறதில்ல மேடம். இதக் கேட்டு லேசாத் தலையாட்டுனா.”

சோலை தொடர்ந்து பேசினான். அப்பாவைப் படுக்கவே போட்டால் இருமுகிறார், அதனால் புது வரைபடப்படி மறுபடியும் செய்யலாம் என்றிருக்கிறான், பித்தளையில் என்ன அளவு என்று கேட்டான். அவள் அளவைச் சொன்னாள். போனை வைத்தாள்.

ஜகதாம்பாள் மாத்திரையைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். முப்பத்து மூன்று வருடம் மற்றவர்களுடைய பேச்சை இணைத்துக் கொடுத்த காது அது. அவள் மாத்திரையை விழுங்கிவிட்டு, பொத்தானை அழுத்திக் கட்டிலைத் தட்டையாக்கிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். ராத்திரிச் சாப்பாட்டுக்கு ஏற்றட்டுமா என்று மைத்ரேயி கேட்டபோது, வேண்டாம், கையைப் பிடித்துத் தூக்கிவிடு போதும் என்றாள். 

சனிக்கிழமை காலையில் பக்கத்து வீட்டு அம்மாளை அம்மாவோடு இருக்கச் சொல்லிவிட்டு மைத்ரேயி மாட்டுத்தாவணி பஸ் நிலையம் போய்த் திருச்சி பஸ் ஏறினாள். மேலூர் தாண்டும்வரை, எப்படித் தொடங்குவது என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்தபடியே வந்தாள். எல்லா வாக்கியமும் ‘நேரமில்லாததால்’ என்றுதான் ஆரம்பித்தது. கொட்டாம்பட்டியில் இறங்கியபோது சோலை பைக்கோடு நின்றான். முப்பத்தைந்து வயதிருக்கும். காயிலுக்குப் பூசும் வார்னிஷ் படிந்து விரல் நுனிகள் காவி நிறமாக இருந்தன. அவள் கட்டிலைப் பார்க்க இவ்வளவு தூரம் வருகிறாள் என்பதில் அவனுக்கு ஒரே பெருமை. வழியில் எதிர்ப்பட்ட ஒருவரிடம், “மதுரையிலேர்ந்து எஞ்சினியரம்மா,” என்று பைக்கை நிறுத்தாமலே சொன்னான்.

வீடு தென்னந்தோப்பை ஒட்டி இருந்தது. வாசலில் தேங்காய் நாரின் வாசம். அன்னக்கொடி பக்கத்தில் ஒரு கயிற்று மில்லில் வேலை பார்த்தவள் என்று சோலை சொல்லியிருந்தான். நாரைத் திரித்து இயந்திரத்துக்குள் விடுவதற்கு வலது கையின் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் வேண்டும். அவள் வெளியே வந்து, “வாங்கக்கா,” என்றாள். கட்டுப் போட்ட கையை முந்தானையால் மூடியிருந்தாள். கலர் சோடா பாட்டிலை இடது கையால் நீட்டும்போது, “இந்தக் கையில குடுக்குறேன்னு தப்பா நெனைக்காதீங்க,” என்றாள். மைத்ரேயி வாங்கிக்கொண்டாள். குடிக்க முடியவில்லை.

உள்ளே மொக்கையன் சுவரோரம் அரிசிச் சாக்குகளில் சாய்ந்து படுத்திருந்தார். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. பிரித்துப் போட்ட நிமிர்வு மூலையில் கிடந்தது. சோலை அதை இழுத்து வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து, தான் வெல்டிங் வைத்த இடங்களை ஒவ்வொன்றாகக் காட்டினான். எங்கேயாவது கோணியிருக்கிறதா, அதனால் நட்டின்மேல் பாரம் சாய்ந்து விழுந்திருக்குமா என்று கேட்டான். மைத்ரேயி விரலால் தடவிப் பார்த்தாள். அவள் வீட்டுக் கட்டிலில் பட்டறைக்காரர் வைத்ததைவிட இது நேர்த்தியாக இருந்தது. கீல்களில் எண்ணெய்த் துளை கூடப் போட்டிருந்தான்.

“ஒண்ணு சொன்னாக் கோவிச்சுக்க மாட்டீங்கள்ல,” என்றான். “அந்த நட்டப் பித்தளையில போடலாம்னு எனக்கு மொதல்லயே தோணுச்சு மேடம். மோட்டார் வேல பாக்குறவனுக்கு அது தெரியும்ல. பிளாஸ்டிக்கே போதும்னு நீங்க எழுதியிருந்தீங்க. படிச்சவங்க, தெனமும் ஓட்டிப் பாத்து எழுதியிருக்காங்க, நாம என்னத்தப் புதுசா யோசிக்கன்னு விட்டுட்டேன்.”

அவள் பட்டறைப் பக்கம் போய்ப் பேசலாமா என்று கேட்டாள். வீட்டுக்கு இடப்பக்கம் தகரக் கூரை போட்ட கொட்டகை. பிரித்த மோட்டார்கள் வரிசையாக இருந்தன. அங்கே நின்று, பஸ்ஸில் சேர்த்து வைத்த வாக்கியம் ஒன்றும் வராமல், “எங்க வீட்டுலயும் விழுந்தது,” என்றாள்.

சோலைக்குப் புரியவில்லை. எப்போது என்றான். பங்குனியில், என்றாள். நட்டு தேய்ந்து அம்மாவோடு விழுந்ததையும், அன்றைக்கே பித்தளை போட்டதையும், இரண்டாவது நட்டு அப்போதே வைத்ததையும் சொன்னாள். பக்கத்தில் எழுதவில்லை என்றாள். அவன் படம் அனுப்பியபோதே தனக்குக் காரணம் தெரிந்துவிட்டது என்றும், தெரிந்தேதான் ‘அப்படித்தான் இருக்கும்’ என்று எழுதினேன் என்றும் சொன்னாள். சொல்லும்போது அவனுடைய முகத்தைப் பார்க்கவில்லை, அவன் கையில் இருந்த செப்புக் கம்பிச் சுருளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவன் கம்பியைக் கீழே வைத்தான்.

“மூணு வாரமா தூக்கமில்ல மேடம் எனக்கு. வெல்டிங்க அறுத்து அறுத்துப் பாக்குறேன். எங்க தப்புன்னு தெரியல. யூடியூப் பாத்துப் பொண்டாட்டி கைய ஒடச்சவன்னு மாமனார் வீட்டுல பேசுறாங்க. சரிதேன்னு கேட்டுக்கிட்டேன்.”

மைத்ரேயி மன்னிப்புக் கேட்டாள். அவன் அதைக் கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை.

“இத அவகிட்டச் சொல்லுங்க,” என்றான். “நான் சொன்னா, என் தலயக் காப்பாத்திக்கச் சொல்றேன்னு நெனப்பா. நீங்களே சொல்லுங்க.”

அவன் கூப்பிட்டதும் அன்னக்கொடி வந்து கொட்டகை வாசலில் நின்றாள். மைத்ரேயி இரண்டாவது தடவையாக எல்லாவற்றையும் சொன்னாள். முதல் தடவை சொன்னதைவிட இது கஷ்டமாக இருந்தது. ஏனென்றால் அன்னக்கொடி கண்ணை எடுக்காமல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நடுவில் ஒரு இடத்தில் மைத்ரேயி, வேலை அதிகமாக இருந்ததால் எழுத முடியவில்லை என்று தொடங்கி, நிறுத்தி, “இல்ல. எழுதினா என் பேர் கெட்டுப் போகும்னு எழுதல,” என்றாள்.

“ஒங்கம்மாவுக்கு அடி பட்டுச்சா?” என்று அன்னக்கொடி கேட்டாள்.

இல்லை என்றாள்.

“பங்குனியிலயா விழுந்துச்சு?” அவள் இடது கை விரல்களை மடக்கினாள். பங்குனி, சித்திரை, வைகாசி. “அப்ப நாங்க சாமானே வாங்கலயே.”

மைத்ரேயிக்கு அழுகை வந்தது. இந்த வீட்டில் தான் அழுவது இன்னும் அசிங்கம் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். அன்னக்கொடி புருஷன் பக்கம் திரும்பி, “காலையில இருந்து நீ ஒண்ணும் சாப்பிடல. வந்து சாப்பிடு,” என்றாள். மூன்று வாரத்துக்குப் பிறகு அவள் தானாக அவனிடம் பேசிய முதல் பேச்சு அதுதான் போலிருக்கிறது. சோலை சட்டென்று தலையைக் குனிந்துகொண்டான். பிறகு அவள் மைத்ரேயியிடம், “நாலு மணிக்கு ஒரு பஸ்ஸு இருக்கு,” என்றாள். வரும்போது கூப்பிட்டதுபோல அக்கா என்று கூப்பிடவில்லை.

வைத்தியத்துக்கும் வேலை போனதற்கும் தான் பொறுப்பு என்று மைத்ரேயி சொல்லத் தொடங்கியபோது, அதை இன்னொரு நாள் பேசிக்கொள்ளலாம் என்று சோலை நிறுத்திவிட்டான். ஆனாலும் அவளை நடந்து போக விடவில்லை. பைக்கில் கொண்டுவந்து விட்டான். பஸ் தூரத்தில் தெரிந்தபோதுதான் கேட்டான்.

“இத எம்புட்டுப் பேரு பாத்துச் செஞ்சிருக்காங்க?”

வரைபடத்தை எடுத்துக்கொண்டவர்கள் இருநூற்றுச் சொச்சம், செய்து முடித்ததாக எழுதியவர்கள் பத்தொன்பது பேர், எழுதாமல் செய்தவர்கள் எத்தனை பேர் என்று தெரியாது என்றாள்.

“அம்புட்டுப் பேரு வீட்டுலயும் அந்த நட்டுதேன இருக்கு,” என்றான்.

அன்று வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கூட ஓரமாக விடாமல் உட்கார்ந்து எழுதினாள். ‘நிமிர்வின் நட்டில் ஒரு குறைபாடு கண்டறியப்பட்டுள்ளது. பயன்படுத்துவோர் உடனே நிறுத்தவும்’ என்று ஆரம்பித்து ஒரு பக்கம். பதிப்பிக்கும் முன்னால் சோலைக்கு அனுப்பிப் பார்க்கச் சொன்னாள். பத்து நிமிஷத்தில் குரல் பதிவு வந்தது. “கண்டறியப்பட்டதுன்னு இருக்கு மேடம். யாரு கண்டறிஞ்சா, எப்பன்னு இல்ல. அத வாசிச்சா, இப்பத்தேன் தெரிஞ்ச மாதிரி இருக்கு.”

அவள் அதை அழித்துவிட்டு மறுபடியும் எழுதினாள். மார்ச் மாதம் இருபத்தெட்டாம் தேதி என் வீட்டில் இது விழுந்தது. அன்றே நான் என் கட்டிலைச் சரி செய்துகொண்டேன். உங்களிடம் சொல்லவில்லை. ஜூலையில் இன்னொரு வீட்டில் விழுந்து ஒரு பெண்ணின் விரலில் ஒரு கணு போயிற்று. அவர்கள் செய்ததில் ஒரு பிழையும் இல்லை. என் வரைபடம்தான் பிழை. பழைய வரைபடத்தையும் எடுத்துவிடாமல், ‘இப்படிச் செய்யாதீர்கள்’ என்று சிவப்பில் எழுதி அங்கேயே வைத்தாள். தான் ஓசைப்படாமல் மாற்றிய தேதியையும் சேர்த்தாள்.

பதிப்பித்த பிறகு, அம்மாவின் அறைக்குப் போய்க் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அதை வாசித்துக் காட்டினாள். எழுதிவிட்டேன் என்று முன்பு சொன்னது பொய் என்றும் சொன்னாள். ஜகதாம்பாள், “தெரியும்,” என்றாள்.

பத்தொன்பது பேருக்கும் தனித்தனியாக எழுதினாள், நம்பர் இருந்தவர்களுக்குப் போன் செய்தாள். ஒருவர் கத்தினார். ஒருவர், தங்கள் வீட்டில் ஏற்கெனவே ஒரு தடவை விழுந்தது, கட்டியவரைத்தான் திட்டினோம் என்றார். கண்காட்சிக்காரர்கள் தங்கள் பட்டியலிலிருந்து அவள் பெயரை எடுத்துவிட்டதாக இரண்டே வரியில் தெரிவித்தார்கள். பக்கத்தின் கீழே முன்பு பாராட்டியிருந்தவர்களே இப்போது எழுதியதை அவள் முழுவதும் வாசித்தாள். எதற்கும் மறுப்பு எழுதவில்லை. அலங்காநல்லூரில் ராமக்காள் என்ற வாத்தியாரம்மா தன் கணவருக்காகக் கட்டிய நிமிர்வுக்கு, மைத்ரேயியே பித்தளை நட்டுகளை எடுத்துக்கொண்டு ஸ்கூட்டரில் போய் மாட்டிக் கொடுத்தாள். கழற்றிய பிளாஸ்டிக் நட்டில் இரண்டு மரைதான் மிச்சம் இருந்தது. ராமக்காள் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

பதினாறு பேர் பதில் சொல்லிவிட்டார்கள். மூன்று பேரிடமிருந்து ஒன்றும் இல்லை. ஒருவரின் நம்பர் உபயோகத்தில் இல்லை, இன்னொருவர் எழுதியது ஊர் பெயர் கூட இல்லாமல், மூன்றாவது நம்பர் அடித்து அடித்து நின்றுவிடுகிறது. மைத்ரேயி ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அந்த நம்பரைக் கூப்பிடுகிறாள்.

புரட்டாசியில் சோலை தன் அப்பாவுக்குப் புதிதாக ஒன்று செய்து முடித்தான். மைத்ரேயியின் வரைபடத்தை அப்படியே பின்பற்றவில்லை. நட்டு இரண்டும் விட்டுப் போனாலும் தலைப்பக்கம் நிற்கும்படி, கீலுக்குப் பக்கத்தில் பல் வைத்த ஒரு கொக்கி போட்டிருந்தான். மின்சாரம் போனாலும் அது பிடித்துக்கொள்ளும். மொக்கையன் முதல் நாலு நாள் ஏற மறுத்துச் சட்டத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாராம். அன்னக்கொடிதான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, தான் சாய்ந்து காட்டி ஏற வைத்தாளாம். அளவுகளை எல்லாம் ஒரு நோட்டுத் தாளில் வரைந்து படம் எடுத்து அனுப்பியிருந்தான்.

மைத்ரேயி அதைக் கணினியில் வரைந்து பக்கத்தில் போடுவதற்கு முன் போன் செய்தாள். வடிவமைத்தவர் என்ற இடத்தில் உங்கள் பெயரைப் போடுகிறேன், அன்னக்கொடி பெயரும் வரட்டும், இனிமேல் இதைச் செய்கிற எல்லாரும் அதைப் பார்ப்பார்கள் என்றாள். சோலை போனைக் கையால் மூடிக்கொண்டு உள்ளே கேட்டான். அன்னக்கொடியின் குரல் லேசாகக் கேட்டது, சொற்கள் கேட்கவில்லை.

“வேணாங்கிறா மேடம்,” என்றான். “படத்தப் போட்டுக்கங்க, எல்லாரும் செய்யட்டும். எங்க பேரு அந்தப் பக்கத்துல வேணாமாம்.”

சரி என்றாள் மைத்ரேயி. அன்று சாயங்காலம் வரைபடத்தைப் போட்டாள். வடிவமைத்தவர் என்ற இடத்தைக் காலியாக விட்டாள். மேலே, கட்டில் விழுந்த தேதிகளுக்கு நேரே, அவள் பெயர் மட்டும் இருந்தது.